கோட்டில் குவியும் மனம்

நுழையும்முன்

வகுப்பில் பாடம் கேட்கும்போதும் தொலைபேசியில் பேசும்போதும் நம் கைப்பேனா ஏட்டின் ஓரத்தில் தானாகவே எதையோ வரைந்துகொண்டிருக்கும். வட்டத்தை ஒட்டி வட்டம், கட்டத்துக்குள் கட்டம், அலைமேல் அலை என ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வரும். மனிதக் கையின் இவ்வியல்பு ஒழுங்கும் விதியும் பெற்றால் கலையாகிறது. தமிழர் தம் வாசலில் நாள்தோறும் அதைக் கோலமாக வளர்த்தனர். வாசலில் பிறந்த அக்கலை பேனா முனைக்கு வந்த வழியையும், அதிலுள்ள கணக்கையும், அது மனத்துக்குத் தரும் அமைதியையும் இப்பாடம் விளக்குகிறது.

கிறுக்கலும் கவனமும்

ஏட்டின் ஓரத்தில் கிறுக்குவதைக் கவனச் சிதறல் என்றே பெரியவர்கள் கருதிவந்தனர். இக்கருத்தை ஆராய்ந்தவர் இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக உளவியலாளர் ஜாக்கி ஆண்ட்ரேட். 2009-இல் அவர் வெளியிட்ட ஆய்வில் 40 பேர் கலந்துகொண்டனர். அனைவரும் சலிப்பூட்டும் ஒரு தொலைபேசிச் செய்தியைக் கேட்டனர். பாதிப் பேர் கேட்டுக்கொண்டே தாளிலிருந்த சிறு வடிவங்களை நிரப்பினர். மற்றவர்கள் வெறுமனே கேட்டனர். பின்னர் இருசாராரையும் சோதித்தபோது, வடிவங்களை நிரப்பியவர்கள் 29 விழுக்காடு கூடுதலாக நினைவுகூர்ந்தனர். கை எளிய வேலையொன்றில் ஈடுபட்டிருந்ததால் மனம் பகற்கனவில் அலையாமல் நின்றிருக்கலாம் என்பது ஆய்வாளரின் விளக்கம்.

இவ்வியல்பை ஒரு பொழுதுபோக்குக் கலையாகவே அமைத்தவர்கள் அமெரிக்காவைச் சேர்ந்த ரிக் ராபர்ட்ஸ், மரியா தாமஸ் ஆகிய இருவர். ராபர்ட்ஸ் முன்னர்த் துறவியாக வாழ்ந்தவர். தாமஸ் எழுத்தோவியக் கலைஞர். இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அவர்கள் உருவாக்கிய முறை ‘ஜென்டாங்கிள்’ எனப்படுகிறது. மூன்றரை அங்குலச் சதுரத் தாள், கறுப்பு மைப் பேனா ஆகியவை அதற்குரிய முதன்மைக் கருவிகள். சிறு வடிவமொன்றைத் தேர்ந்துகொண்டு அதையே திரும்பத் திரும்ப வரைந்து தாளை நிரப்புவர். அழிப்பான் கிடையாது. தவறிய கோட்டையும் வடிவத்தின் பகுதியாக்கிக்கொண்டு மேலே செல்ல வேண்டும்.

இதைக் கேட்கும் தமிழ்நாட்டு மாணவருக்கு வியப்பு தோன்றாது. வடிவத்தைத் திரும்பத் திரும்ப இழைத்து, அதில் மனத்தை நிறுத்தும் பயிற்சி நம் தெருவில் நெடுங்காலமாக நடைபெற்றுவருகிறது.

வாசலில் வளர்ந்த கலை

‘கோலம்’ என்னும் சொல்லுக்கு அழகு, ஒப்பனை, வடிவம் எனப் பல பொருள்கள் உண்டு. தரையைத் தூய்மை செய்து, நுண்ணிய வெண்மணலால் தெருவை அணிசெய்யும் வழக்கத்தை ஆண்டாளின் நாச்சியார் திருமொழி தன் முதற்பதிகத்திலேயே குறிப்பிடுகிறது. ஆந்திரத்தில் முக்கு, வங்கத்தில் அல்பனா, கருநாடகத்திலும் மராட்டியத்திலும் ரங்கோலி எனப் பெயர்கள் வேறுபட்டாலும் தரையை வடிவங்களால் அணிசெய்யும் வழக்கம் இந்தியா முழுவதும் பரவியுள்ளது.

தமிழ்நாட்டுக் கோலங்களில் வகைகள் பல. அரிசியை ஊறவைத்து அரைத்த மாவைத் துணியில் நனைத்து விரல்வழி இழைப்பது மாக்கோலம் அல்லது இழைக்கோலம். இணைகோடுகளை அடுக்கிச் செல்வது படிக்கோலம். புள்ளிகளைக் கோட்டால் இணைத்துப் பூ, பறவை, விளக்கு முதலிய உருவங்களைக் காட்டுவது ஒருவகைப் புள்ளிக்கோலம். புள்ளிகளைத் தொடாமல் அவற்றைச் சுற்றிச்சுற்றி வளைந்து செல்வது மற்றொரு வகை. இதனைச் சிக்குக் கோலம், கம்பிக் கோலம், நெளிக் கோலம் என வட்டாரத்துக்கொரு பெயரால் வழங்குவர்.

புள்ளி வைப்பதிலும் இரு முறைகள் உள்ளன. ஒரு வரிசையின் புள்ளிகளுக்கு நேர்கீழே அடுத்த வரிசையின் புள்ளிகளை வைப்பது நேர்ப்புள்ளி. இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட இடத்துக்குக் கீழே அடுத்த புள்ளியை வைப்பது இடுக்குப் புள்ளி. இதனை ஊடுபுள்ளி, சந்துப்புள்ளி என்றும் கூறுவர். “15 புள்ளி, இடுக்குப் புள்ளி, 8 வரை” என்று ஒருவர் சொன்னால் போதும். கேட்பவர் கோலத்தின் அடித்தளம் முழுவதையும் உணர்ந்துகொள்வார். நடுவரிசையில் 15 புள்ளி. அதற்கு மேலும் கீழும் வரிசைக்கு ஒன்றாகக் குறைந்து 8-இல் முடிய வேண்டும். மொத்தம் 15 வரிசைகள், 169 புள்ளிகள், வெளியுருவம் அறுகோணம். இவ்வளவு செய்தியையும் ஒரு சிறு தொடரில் அடக்கிய மொழி, கோலம் போடும் பெண்கள் தம் பயன்பாட்டுக்கென உருவாக்கிக்கொண்ட மொழியாகும்.

சென்னையில் இக்கலையைக் காண மயிலாப்பூருக்குச் செல்ல வேண்டும். மார்கழி விடியலில் கபாலீசுவரர் கோயிலைச் சூழ்ந்த மாட வீதிகளிலும் அவற்றை ஒட்டிய சிறு தெருக்களிலும் நடப்பவர் பல கோலங்களைத் தாண்டியே செல்வர். சனவரி மாதத்தில் நடைபெறும் மயிலாப்பூர் விழாவில் வடக்கு மாட வீதியே கோலப்போட்டியின் களமாகிறது. வழக்கமாக ஊர்திகள் நெருக்கும் அச்சாலை அன்று கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, போட்டியாளர் ஒவ்வொருவருக்கும் ஓரிடம் ஒதுக்கப்படுகிறது. முதியோர், இளையோர், சிறுவர் எனப் பலரும் குனிந்து புள்ளி வைக்கின்றனர். ஆண்களும் பங்கேற்கின்றனர். கோலம் பெண்களுக்கு மட்டுமே உரியது என்னும் எண்ணம் அங்கு மெல்ல அழிகிறது.

சிக்குக் கோலத்தின் நான்கு விதிகள்

சிக்குக் கோலம் பார்வைக்குச் சிக்கலாகத் தோன்றினாலும் அதனை ஆள்பவை நான்கு எளிய விதிகளே.

1. கோடு எந்தப் புள்ளியையும் தொடக் கூடாது.
2. எந்தப் புள்ளியும் கோட்டால் சூழப்படாமல் விடுபடக் கூடாது.
3. ஒரு கோடு மற்றொன்றை வெட்டிச் செல்லலாம். ஆனால், போட்ட கோட்டின் மீதே மீண்டும் செல்லக் கூடாது. வெட்டுமிடத்தில் திரும்பாமல் நேரே கடக்க வேண்டும்.
4. தொடங்கிய கோடு தொடங்கிய இடத்தையே வந்தடைய வேண்டும்.

இரண்டு புள்ளிகளை அருகருகே வைத்து இவ்விதிகளின்படி வரைந்தால் 8 என்னும் எண்ணின் வடிவம் கிடைக்கும். இதுவே மிகச் சிறிய சிக்கு. கோடு நடுவில் ஒருமுறை தன்னைத்தானே வெட்டிக்கொள்கிறது. புள்ளிகள் பெருகப் பெருக வெட்டுமிடங்களும் பெருகும். அருகருகே உள்ள ஒவ்வோர் இணைப் புள்ளிகளுக்கும் நடுவில் ஒரு வெட்டு என்பதே கணக்கு. வரிசைக்கு 4 புள்ளியாக 3 வரிசை வைத்தால் 17 வெட்டுகள் அமையும். ஒவ்வொரு வெட்டையும் கோடு இருமுறை கடக்கும். அங்கெல்லாம் ‘இனி எங்குச் செல்வது’ என்ற கேள்வியை விதியே தீர்த்துவைக்கிறது. கை தயங்கத் தேவையில்லை. கண் மட்டும் விழிப்போடு இருக்க வேண்டும்.

எத்தனை கோடுகள்?

சிக்குக் கோலம் போடுவோர் பெரிதும் விரும்புவது, கையெடுக்காமல் ஒரே கோட்டில் முடியும் கோலத்தை. எந்தப் புள்ளி அமைப்பு ஒரே கோட்டில் முடியும்? செவ்வக வடிவில் வைத்த நேர்ப்புள்ளிகளுக்கு இதனை முன்கூட்டியே சொல்லிவிடலாம். வரிசைகளின் எண்ணிக்கை, ஒரு வரிசையிலுள்ள புள்ளிகளின் எண்ணிக்கை ஆகிய இரண்டின் மீப்பெரு பொது வகுத்தி எதுவோ, அதுவே கோடுகளின் எண்ணிக்கை.

2 வரிசை, 3 புள்ளி என்றால் பொது வகுத்தி 1, ஒரே கோடு. 3 வரிசை, 4 புள்ளி என்றாலும் ஒரே கோடு. 4 வரிசை, 6 புள்ளி என்றால் இரண்டு கோடுகள். 4 வரிசை, 4 புள்ளி என்றால் நான்கு தனித்தனிக் கோடுகள். கீழ்வகுப்பில் எண்களாக மட்டும் கற்ற ஒரு கணக்கு இங்கே கண்முன் வளைந்து நிற்கிறது.

அப்படியானால் சதுரமாக வைத்த புள்ளிகளில் ஒற்றைக்கோட்டுக் கோலம் போட இயலாதா? இயலும். இருவேறு கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் ஓரிடத்தில், வெட்டாமல் இரண்டையும் வளைத்துத் திருப்பிவிட்டால் அவ்விரு கோடுகளும் இணைந்து ஒரே கோடாகிவிடும். நான்கு கோடுகள் உள்ள கோலத்தில் தக்க மூன்று இடங்களில் இவ்வாறு செய்தால் முழுக் கோலமும் ஒரே கோட்டில் அடங்கும். எந்த இடத்தில் வெட்டை நீக்கலாம் என்பதே கோலத்தின் அழகையும் சமச்சீரையும் தீர்மானிக்கிறது. ஏட்டுக் கணிதம் பயிலாத பெண்கள் பலர் பட்டறிவால் இந்நுட்பத்தைக் கைவரப் பெற்றிருந்தனர்.

ஆய்வுக்கூடம் ஏறிய கோலம்

வாசலில் காலையில் தோன்றி மாலைக்குள் மறையும் கோலத்தில் ஆழ்ந்த கணிதம் உள்ளது என்பதைக் கல்வியுலகுக்கு எடுத்துக்காட்டியதில் சென்னைக்குச் சிறப்பிடம் உண்டு. தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக விளங்கியவர் கிஃப்ட் சிரோமணி (1932–1988). அவரும் அவர்தம் துணைவியாரும் கணினி அறிவியலாளருமான இராணி சிரோமணியும், பின்னாளில் அடையாற்றை அடுத்த இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றிய கமலா கிருத்திவாசனும் இணைந்து எழுதிய கட்டுரை 1974-இல் வெளிவந்தது. மொழிக்கு இலக்கணம் இருப்பதுபோல் கோலத்துக்கும் இலக்கணம் எழுதலாம் என்பது அதன் அடிப்படைக் கருத்து. எழுத்துகள் சொல்லாகி, சொற்கள் தொடராவதைப்போல், சிறு வடிவக் கூறுகள் குறிப்பிட்ட விதிகளின்படி இணைந்து முழுக் கோலமாகின்றன. அவ்விதிகளைக் கணினிக்குக் கற்பித்தால் கணினியும் கோலம் போடும்.

இவ்வழியில் தொடர்ந்த ஆய்வுகள் கம்பிக் கோலத்தின் கோட்டை ஏழு அசைவுகளாகப் பிரித்துக் காட்டின. நேரே செல்லுதல் ஓர் அசைவு. வலப்புறம் சிறிதாகத் திரும்புதல், முழுதாகத் திரும்புதல், சுழித்து வருதல் என மூன்று. இடப்புறத்துக்கும் இவ்வாறே மூன்று. இவ்வேழும் வரும் முறையை எழுதிவைத்தால் ஒரு கோலத்தை ஒரு சொல்லைப்போல எழுத்தில் பதிவுசெய்துவிடலாம். கோலத்தைப் படமாக அல்லாமல் கையின் பயணமாகக் கண்டதே இம்முறையின் சிறப்பு.

அமெரிக்கக் கணித அறிஞர் மார்சியா ஆஷர், பல்வேறு மக்களின் வாழ்வியலில் பொதிந்துள்ள கணிதத்தை ஆராய்ந்தவர். கோல மரபைப் பற்றி அவர் 2002-இல் எழுதிய கட்டுரை, தமிழ்ப் பெண்களின் இக்கலையை உலகக் கணித ஆர்வலரிடையே பரவலாக அறிமுகப்படுத்தியது.

இங்கு ஓர் உண்மையை எண்ணிப்பார்க்க வேண்டும். ஆய்வாளர்களின் பெயர்களும் ஆண்டுகளும் நமக்குத் தெரிகின்றன. அக்கோலங்களை முதன்முதலில் எண்ணிப் படைத்த பெண்களின் பெயர்கள் எவையும் தெரியவில்லை. கோலத்தில் கையொப்பமிடும் வழக்கமில்லை. மிதிபட்டும் காற்றில் கலைந்தும் அழிந்த அப்படைப்புகள் தாயிடமிருந்து மகளுக்கும், அண்டை வீட்டாரிடமிருந்து அண்டை வீட்டாருக்கும் நினைவின் வழியாகவே வந்து சேர்ந்தன.

தெரிந்து தெளிவோம்

தரையில் தொடர்கோட்டால் வரையும் கலை வேறு நாடுகளிலும் உண்டு. ஆப்பிரிக்காவின் அங்கோலா நாட்டில் சோக்குவே இன மக்கள் மணலில் புள்ளிகளை வைத்து, அவற்றைச் சுற்றிக் கோடு வரைந்தபடியே கதை கூறுவர். இவ்வோவியங்கள் ‘சோனா’ எனப்படுகின்றன. மொசாம்பிக் நாட்டில் பணியாற்றிய கணித அறிஞர் பாலஸ் கெர்டஸ் இவற்றை விரிவாக ஆராய்ந்ததோடு, தமிழ்நாட்டுக் கோலங்களைப் பற்றியும் எழுதியுள்ளார். பசிபிக் பெருங்கடலிலுள்ள வனுவாட்டு தீவுகளின் மணலோவியம், யுனெஸ்கோவின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் 2008-இல் இடம்பெற்றது.

மனம் ஏன் அமைதியடைகிறது?

திரும்பத் திரும்ப வரும் வடிவங்களை வரையும்போது மனம் அமைதியடைவதைப் பலரும் உணர்ந்துள்ளனர். இதற்குக் காரணம் என்ன?

அமெரிக்காவில் நான்சி கரி, டிம் காசர் ஆகியோர் 2005-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்கு ஒரு குறிப்பைத் தருகிறது. 84 கல்லூரி மாணவர்களிடம் முதலில் சிறிது பதற்றத்தை உண்டாக்கினர். பின்னர் அவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழுவினர் வட்ட வடிவ மண்டலப் படத்துக்கும், மற்றொரு குழுவினர் கட்டம் போட்ட வடிவத்துக்கும் வண்ணம் தீட்டினர். மூன்றாம் குழுவினருக்கு வெற்றுத்தாளைக் கொடுத்து விரும்பியவாறு வண்ணம் தீட்டச் சொன்னார்கள். முதல் இரு குழுக்களிலும் பதற்றம் குறைந்தது. வெற்றுத்தாள் பெற்றவர்களிடம் அத்தகைய குறைவு காணப்படவில்லை. இது சிறிய ஆய்வு. கோலத்தை நேரடியாக அளந்ததும் அன்று. எனினும் எண்ணத்தக்க ஒரு செய்தியைச் சொல்கிறது. கலங்கிய மனத்துக்கு முழு விடுதலையும் ஒரு சுமையாகலாம். ‘எதை வரைவது’ என்னும் கேள்வியே அதற்குப் பெரிதாகத் தோன்றுகிறது. விதியும் வடிவமும் முன்பே அமைந்திருந்தால் அச்சுமை இறங்குகிறது.

உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி, செய்யும் செயலில் ஒருவர் தம்மை மறந்து ஒன்றிப்போகும் நிலையை நெடுங்காலம் ஆராய்ந்தார். செயல் மிக எளிதாயின் சலிப்பு தோன்றும்; மிகக் கடினமாயின் அச்சம் தோன்றும். திறனும் சவாலும் ஒத்துப்போகும் இடத்தில்தான் மனம் முழுமையாக ஒன்றும் என்பது அவர் முடிவு. சிக்குக் கோலம் இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. புதிதாகக் கற்பவருக்கு இரண்டு வரிசை போதும். கைதேர்ந்தவருக்கு 169 புள்ளிகள் உண்டு. அவரவர் திறனுக்கேற்ற சவாலை அவரவரே வகுத்துக்கொள்ளலாம்.

மேலும், கோடு போடும் வேகத்தைக் கையே முடிவுசெய்கிறது. விரைந்தால் வளைவு நெளியும். அதனால் வரைபவர் தம்மை அறியாமலே நிதானம் கொள்கிறார். கடந்த தேர்வின் மதிப்பெண்ணும் வரப்போகும் தேர்வின் அச்சமும் அந்நேரத்தில் சற்று விலகி நிற்கின்றன. கண்முன் இருப்பது அடுத்த புள்ளி மட்டுமே.

வாசல் சுருங்கியபோது

சென்னையின் தியாகராய நகர் 1920-களில் ‘லாங் டேங்க்’ எனப்பட்ட நீண்ட ஏரியின் நிலத்தில் உருவாக்கப்பட்டது. சர் பிட்டி தியாகராயரின் பெயரைத் தாங்கிய அப்பகுதியில் முன்வாசலும் தோட்டமும் கொண்ட தனிவீடுகள் எழுந்தன. மயிலாப்பூரில் திண்ணை வைத்த வீடுகள் தெருவை ஒட்டி நின்றன. அடையாற்றிலும் வீட்டுக்கு முன்னே திறந்த வெளி இருந்தது. இன்று இம்மூன்று பகுதிகளிலும் பெரும்பாலான தனிவீடுகள் அடுக்குமாடிக் குடியிருப்புகளாகிவிட்டன. ஒரு தரைக்கு ஒரு குடும்பம் என்றிருந்த நிலை மாறி, ஒரு வாசலைப் பல குடும்பங்கள் பகிர்ந்துகொள்கின்றன. கதவுக்கு வெளியே இரண்டடி அகல நடைவழியே எஞ்சியுள்ளது. அங்கும் ஒட்டுத்தாள் கோலங்கள் நிரந்தரமாக அமர்ந்துவிட்டன.

ஒட்டிய கோலம் வாசலை அழகுசெய்யலாம். ஆனால், அதில் கையின் பயணம் இல்லை. நாள்தோறும் போட்டால்தான் நினைவில் நிற்கும் ஒரு கலை, போடப்படாதபோது முதலில் விரலிலிருந்தும், பின்னர் நினைவிலிருந்தும் மறைகிறது. ஒரு மூதாட்டி அறிந்திருந்த கோலங்கள் பதிவாகாமல் போனால், ஒரு நூலகத்தின் ஓர் அடுக்கே மறைவதற்கு ஒப்பாகும்.

இவ்விழப்பைத் தடுத்துவந்த எளிய கருவியொன்று நம் வீடுகளிலேயே உண்டு. அதுவே கோல நோட்டு. பள்ளிப் பிள்ளைகள் எழுதி மிஞ்சிய ஏட்டில், கணக்கு நோட்டின் பின்பக்கத்தில், நாட்குறிப்பின் வெற்றுத்தாள்களில் பெண்கள் தாம் கண்ட கோலங்களைப் பேனாவால் வரைந்து வைத்தனர். தெருவில் நடக்கும்போது கண்ட ஒரு கோலத்தின் புள்ளிக்கணக்கை மனத்தில் கொண்டு, வீடு திரும்பியதும் நோட்டில் ஏற்றுவர். மார்கழியில் மகளிர் இதழ்கள் வெளியிடும் கோல இணைப்புகளைக் கத்தரித்து ஒட்டுவர். விடியலில் வாசலில் போடுவதற்குரிய ஒத்திகை முந்தைய இரவில் அந்நோட்டில் நடக்கும். வேலைகளெல்லாம் முடிந்த அவ்விரவுப் பொழுதில் பேனாவும் புள்ளியும் அவர்களுக்கு ஓய்வாகவும் இருந்தன. அமெரிக்காவில் சதுரத் தாளில் தொடங்கிய கலைக்கு முன்பே, நம் இல்லங்களில் பேனாவால் இழைக்கும் கலை இவ்வாறு பெயரின்றி வாழ்ந்துவந்தது.

பேனாவைக் கையில் எடுப்போம்

இக்கலையைத் தொடங்கப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. கட்டம் போட்ட கணக்கு நோட்டும், மை சீராக இறங்கும் கறுப்புப் பேனாவும் போதும்.

முதலில், இரண்டு கட்டங்களுக்கு ஒன்றாகக் கட்டத்தின் மூலைகளில் புள்ளி வையுங்கள். வரிசைக்கு 3 புள்ளியாக 2 வரிசை வைத்தால் போதும். அருகருகே உள்ள இரு புள்ளிகளின் நடுவிடத்தைக் கண்ணால் குறித்துக்கொள்ளுங்கள். கோடு அந்நடுவிடத்தைச் சாய்வாகக் கடந்து, ஒவ்வொரு கட்டத்தையும் மூலைவிட்டமாகத் தாண்டிச் செல்ல வேண்டும். ஓரத்துப் புள்ளியை அடைந்ததும் அதன் வெளிப்புறமாக வளைந்து திரும்பி உள்ளே வர வேண்டும். மூலையிலுள்ள புள்ளியை ஏறத்தாழ முழுவதும் சுற்றி, நீர்த்துளி வடிவில் திரும்ப வேண்டும். விதி தவறாமல் சென்றால், கோடு 7 இடங்களில் தன்னைத்தானே வெட்டிக்கொண்டு தொடங்கிய இடத்துக்கே வந்துசேரும்.

இது கைவந்த பின்னர் 3 வரிசை, 4 புள்ளிக்குச் செல்லுங்கள். பிறகு 5 வரிசை, 7 புள்ளி. அதன்பின் சதுர அமைப்பில் வெட்டுகளை நீக்கி ஒற்றைக்கோடாக்கிப் பாருங்கள். சாய்கோடுகளைச் சற்று வளைத்துப் போட்டால் கோலத்துக்குரிய நெளிவு தானே வரும்.

தரையில் போட்ட கோட்டை விரலால் தேய்த்து அழித்துவிடலாம். பேனாக் கோட்டை அழிக்க இயலாது. எனவே கோடு தவறிய இடத்தில் நிறுத்திவிடாமல் அதனையும் சேர்த்துக்கொண்டு ஒரு புதிய வளைவை உருவாக்குங்கள். அதன் எதிர்ப்புறத்திலும் அதே வளைவைப் போட்டால் பிழை, சமச்சீராகிவிடும். இவ்வாறு பிறந்த புதிய கோலங்களும் இருக்கலாம். தொடர்ந்து வரைய ஒரு நாளில் பத்து நிமிடம் போதுமானது. அந்நேரத்தில் கைப்பேசி வேறோர் அறையில் இருப்பது நல்லது.

எல்லையும் அறிவோம்

எக்கலையையும் அனைத்துக்கும் மருந்தாகக் கருதுதல் பொருந்தாது. அன்றாடச் சோர்வையும் தேர்வுக்காலப் பதற்றத்தையும் சற்றுத் தணிக்க இக்கோடுகள் துணைசெய்யும். உறக்கமின்மை நாள்கணக்கில் நீடித்தாலோ, எதிலும் நாட்டமில்லாத நிலை தொடர்ந்தாலோ, வாழ்வின் மீதே வெறுப்புத் தோன்றினாலோ அதனைத் தாளில் வரைந்து மறைக்க முயலக் கூடாது. பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ மனம்விட்டுப் பேச வேண்டும். மனநல ஆலோசனைக்கென அரசு நடத்தும் டெலி மானஸ் சேவையின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 14416. உதவி கேட்பது வலிமையின் அடையாளமே.

இக்கலையைப் போட்டியாக மட்டும் கொள்வதும் அதன் பயனைக் குறைத்துவிடும். வடக்கு மாட வீதியின் போட்டி நாளில் பரிசுபெறும் கோலங்கள் சிலவே. ஆனால், ஆண்டு முழுவதும் வாசலில் போடப்படும் கோலத்துக்கு நடுவரும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. காலையில் போட்டது மாலையில் இருக்காது எனத் தெரிந்தே அதனைப் போடுகின்றனர். மதிப்பெண்களால் தம்மை அளந்துகொள்ளும் மாணவப் பருவத்தில், அளக்கப்படாத ஒரு செயல் நாளுக்குப் பத்து நிமிடமேனும் இருப்பது மனத்துக்கு நலம் பயக்கும்.

முடிவாக

புள்ளி, கோடு, விதி ஆகிய மூன்றே கோலத்தின் முதல். இவற்றைக் கொண்டு தமிழ்ப் பெண்கள் அழகையும் கணக்கையும் அமைதியையும் ஒருசேரப் படைத்தனர். அறிஞர்கள் அதில் இலக்கணத்தைக் கண்டனர். உளவியலாளர்களின் ஆய்வுகள் அதன் அமைதிக்குரிய காரணங்களை ஓரளவு விளக்குகின்றன. வாசல்கள் சுருங்கினும் தாள்கள் சுருங்கவில்லை. பாட்டியும் அம்மாவும் அத்தையும் அறிந்த கோலங்களை அவர்கள் அருகில் அமர்ந்து கேட்டு, புள்ளிக்கணக்கோடு பேனாவால் பதிவுசெய்வது நம் தலைமுறையின் கடமை. அக்கோலத்தைக் கற்பித்தவர் பெயரையும் அதனருகே எழுதிவைப்போம். இதுவரை கையொப்பமின்றி இருந்த ஒரு கலைக்கு அதுவே நாம் செய்யும் முதல் மரியாதையாகும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டிலோ தெருவிலோ உள்ள மூத்தோர் ஒருவரிடம் ஐந்து சிக்குக் கோலங்களைக் கேட்டறிந்து, புள்ளிக்கணக்கு, கோலத்தின் பெயர், கற்பித்தவர் பெயர் ஆகியவற்றுடன் தொகுப்பேடு உருவாக்குக.

2. 3 வரிசை, 3 புள்ளி அமைப்பில் எத்தனை கோடுகள் அமையும்? வரைந்து சரிபார்க்க. எவ்விரு வெட்டுகளை நீக்கினால் அது ஒற்றைக்கோட்டுக் கோலமாகும் எனக் கண்டறிக.

3. உங்கள் பகுதியில் சிக்குக் கோலம் எப்பெயரால் வழங்கப்படுகிறது? கோலம் தொடர்பான பத்து வட்டாரச் சொற்களைத் திரட்டிப் பொருள் எழுதுக.

4. ‘ஒட்டுத்தாள் கோலம் – வசதியா, இழப்பா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.